பித்தளை போன வழி: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் நடந்த திருட்டும் அதன் பின் நடந்தவையும்

பின்னணி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது இந்தத் தொடர்மாடி. ஆறு மாடி, 36 வீடுகள், தரைத்தளத்தில் வாகனத் தரிப்பிடம். முன் கேற் ஒழுங்கையைப் பார்த்திருக்கும். பின்பக்கம் ஒரு சிறிய இரும்புக் கதவு. அதைத் திறந்தால் ஓர் ஆள் நடக்கக்கூடிய முடுக்கு, முடுக்கின் முடிவில் மரைன் டிரைவ், அதற்கப்பால் ரயில் பாதையும் கடலும். இந்தப் பின்கதவு பின்னால் முக்கியமாக வரும்.

2023 தொடக்கத்தில் 15 வீடுகளில் உரிமையாளர்களே இருந்தார்கள். 12 வீடுகள் வாடகைக்குப் போயிருந்தன. மீதி 9 வீடுகள் பூட்டிக் கிடந்தன. உரிமையாளர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள், கல்யாணம், திருவிழா என்று வரும்போது திறப்பார்கள். வெள்ளவத்தையில் இது புதினமான கணக்கு இல்லை.

இப்படியான கட்டடங்களை 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதற்குப் பின்னர் 1982இலும் 2003இலும் வந்த திருத்தங்களும் ஆள்கின்றன. வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். அதை நடத்த அவர்கள் ஒரு சபையைத் தெரிவு செய்ய வேண்டும். மேலே கண்காணிக்க கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் கூட்டுத்தாபனத்தின் அங்கத்தவர் அல்ல. ஆக, எங்கள் கட்டடத்தில் தினமும் படியேறி இறங்குபவர்களில் கணிசமானவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்கு உள்ள ஒன்பது வீட்டார் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால்.

அந்த ஆண்டு பெப்ரவரியில் நான் சபையின் செயலாளரானேன். விரும்பிப் போனேன் என்று சொல்ல முடியாது. பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் 11 பேர், அதில் இரண்டு பேர் வாகனம் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை பிடிக்க வந்தவர்கள். செயலாளர் யார் என்று கேட்டபோது எல்லோரும் தங்கள் கைபேசியைப் பார்த்தார்கள். நான் பார்க்க மறந்துவிட்டேன்.

மாதப் பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு 8,500 ரூபாய். எல்லோரும் கட்டினால் 306,000 வரும், எல்லோரும் கட்டுவதில்லை. காவலுக்கு ஒரு தனியார் நிறுவனம். 12 மணி நேர முறையில் ஒரு நேரத்தில் ஓர் ஆள்.

கவனித்தவை

முதலில் காணாமல் போனவை சின்னச் சின்னப் பொருட்கள். மார்ச்சில் தரைத்தளத் தோட்டக் குழாயின் பித்தளைத் திருகி. ஏப்ரலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் வால்வு. புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகுதான் அது தெரியவந்தது, அதுவரை தண்ணீர் வழிந்து கூரையில் நின்றிருக்கிறது. மே மாதத்தில் இரண்டாம் மாடியில் வாசலுக்கு வெளியே வைத்த வெறுங் காஸ் சிலிண்டர் ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே பேசி, தனித்தனியே மறந்தோம். வாட்ஸ்அப் குழுவில் செருப்புத் திருட்டையும் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டோம்.

ஆகஸ்ட் தொடக்கத்தில், நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் வழியில் கனடாக் குடும்பம் ஒன்று நான்காம் மாடியில் தங்கள் வீட்டைத் திறந்தது. பூட்டு உடையவில்லை. ஜன்னல் உடையவில்லை. சாமி அறையில் இருந்த ஒரு சோடிக் குத்துவிளக்கு, பித்தளைக் குடம், சமையலறைக் காஸ் சிலிண்டர், குளியலறைத் திருகிகள் எல்லாம் போயிருந்தன. தொலைக்காட்சி இருந்த இடத்தில் இருந்தது.

அன்றே பொலிஸில் முறைப்பாடு போட்டோம். வந்து பார்த்தார்கள், வாக்குமூலம் எடுத்தார்கள். பூட்டு உடையாத வீட்டில் கேட்கும் முதல் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள்: திறப்பு யாரிடம்?

அந்தக் கேள்வியோடு நாங்கள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

முதல் முடிவும் அதன் பிழையும்

அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் 140க்கு மேல் செய்திகள் வந்தன. அரைவாசிப் பேர் வீட்டு வேலைக்கு வருபவர்களைச் சொன்னார்கள். மற்ற அரைவாசி வாடகைக்காரரைச் சொன்னது. கனடாக் குடும்பத்து வீட்டை மாதம் ஒருமுறை கூட்டித் துடைக்க, மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து வாழும் ஒரு பெண் வருவார். கட்டடத்தில் இன்னும் மூன்று வீடுகளில் வேலை. ஆறு ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்தவர். யாரோ அவருடைய படத்தைக் குழுவில் போட்டு, "இவரைக் கவனியுங்கள்" என்று எழுதினார். இரண்டு மணி நேரம் கழித்து நான் பார்த்து, நீக்கச் சொன்னேன். அதற்குள் பக்கத்துக் கட்டடத்துக் குழுவுக்கும் அது போய்விட்டது.

அடுத்த நாள் கேற்றடியில் அவருடைய பையைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். நான் அப்போது அங்கே நின்றேன். தடுக்கவில்லை. அவர் பையை நிலத்தில் கவிழ்த்துக் கொட்டினார். சாப்பாட்டுப் பெட்டி, ஒரு சேலை, பனடோல் அட்டை. "நல்லா பாத்துக்கங்க சார், அப்புறம் பாக்கலன்னு சொல்லக் கூடாது" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. பக்கத்துக் கட்டடத்திலும் அவருக்கு ஒரு வீட்டு வேலை போனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதே வாரத்தில் தலைவர், அவசரம் என்று, சபைக் கூட்டமில்லாமலே இரண்டு கமராக்களைத் தன் கைக்காசில் போட்டுவிட்டார். நோக்கம் நல்லது. ஒன்று முன் கேற்றில், மற்றது மூன்றாம் மாடி நடைபாதையில், இரண்டின் காட்சியும் அவருடைய கைபேசிக்கு வரும். மூன்றாம் மாடியில் மட்டக்களப்பிலிருந்து வந்து அலுவலகங்களில் வேலை செய்யும் மூன்று இளம் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஒரு காலை லிஃப்டில் தலைவர் அவர்களில் ஒருவரிடம், "பிள்ளை, ராத்திரி பதினொன்றரை மட்டும் வெளியிலையோ?" என்று கேட்டிருக்கிறார். அக்கறையில் கேட்டதாகவே அவர் இன்றும் சொல்கிறார். அந்தப் பெண் என் கதவைத் தட்டி, "அங்கிள், இது கள்ளனைப் பிடிக்கிற கமராவா, எங்களைப் பிடிக்கிற கமராவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

திறப்புப் பலகை

ஆகஸ்ட் மூன்றாம் வாரம், பொலிஸ் கேட்ட கேள்விக்கு நாங்களே பதில் தேடத் தொடங்கினோம். சபையில் ஒருவர் வங்கியில் உள்ளகக் கணக்காய்வு செய்து ஓய்வு பெற்ற அக்கா. காணாமல் போனவற்றை மாத வாரியாக ஒரு தாளில் எழுதி, "இதிலை பித்தளையும் இரும்பும் தவிர வேறை என்ன இருக்கு?" என்று கேட்டார். இல்லை. மடிக்கணினி போகவில்லை, நகை போகவில்லை. பழைய இரும்புக் கடையில் நிறுத்து விற்கக்கூடியது மட்டுமே போயிருந்தது. ஆக, வீட்டுக்குள் வருபவரைவிட, கட்டடத்தைச் சுற்றி நேரமெடுத்து நடமாடக்கூடிய ஒருவரைத் தேட வேண்டும்.

அப்புறம் அவரே தீயணைப்புப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு மாடியிலும் சிவப்புப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த குழாய், அதன் முனையில் பித்தளை நொசில். ஆறு பெட்டிகளில் ஐந்தில் நொசில் இல்லை. எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டிகளை யாரும் திறந்து பார்த்து ஒன்றரை ஆண்டாவது இருக்கும். திருட்டைவிட இதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. தீப்பிடித்திருந்தால் ஐந்து மாடிகளில் குழாய் இருந்தும் பயனில்லாமல் நின்றிருப்போம்.

காவலரின் அறையில் சுவரில் ஒரு பலகை. அதில் கொக்கிகள், கொக்கிகளில் பூட்டிய ஒன்பது வீடுகளினதும் திறப்புகள், ஒவ்வொன்றிலும் வீட்டு இலக்கம் எழுதிய அட்டை. தண்ணீர் ஒழுக்கு என்றால் உடனே திறக்க வசதி என்று முந்திய சபை செய்த ஏற்பாடு. நாங்கள் எல்லோரும் தினமும் அதைப் பார்த்தபடிதான் கடந்து போனோம். கையொப்பப் புத்தகம் ஒன்றும் இல்லை. நிறுவனம் காவலர்களை அடிக்கடி மாற்றும், ஓர் ஆண்டில் எத்தனை பேர் அந்த அறையில் இருந்தார்கள் என்று கேட்டால் நிறுவனத்தாலேயே உடனே சொல்ல முடியவில்லை.

பின்கதவுக் கதை இன்னும் மோசம். கொண்டி உப்புக் காற்றில் அரித்து, சரியாகப் பூட்டாது. பகலில் ஒரு கல்லை வைத்துச் சாத்தியிருப்பார்கள். ஏன் என்று அப்போதிருந்த காவலரிடம் கேட்டோம். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: அவருக்குக் கழிப்பறை இல்லை. தரைத்தளத்தில் ஒன்று உண்டு, ஆனால் அசுத்தம் செய்கிறார்கள் என்று முந்திய சபை பூட்டிவைத்தது. அதனால் காவலர்கள் முடுக்கால் மரைன் டிரைவுக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடையில் தெரிந்தவர்களிடம் கேட்டுப் போய் வருவார்கள். 12 மணி நேரம் என்று நாங்கள் காசு கொடுத்த வேலையில், மாற்றாள் வராத நாட்களில் ஒரே ஆள் 24 மணி நேரமும் நின்றிருக்கிறார். அவர் போய்வரும் நேரமெல்லாம் முன்னே கேற் தனியே, பின்னே கதவு கல்லில்.

பட்டியல் பற்றிய வாக்குவாதம்

செப்டெம்பர் கூட்டத்துக்கு 26 பேர் வந்தார்கள். வாடகைக்காரரையும் அழைத்தோம், வாக்கில்லாவிட்டாலும் பேசலாம் என்றோம். வெளிநாட்டு உரிமையாளர்களிடம் பதிலாள் கடிதம் கேட்டு எழுதியதில் ஒன்பதில் ஏழு வந்தது.

கமரா, கதவு, திறப்பு எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. பட்டியல் மட்டும் இரண்டு மணி நேரம் எடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர் எழுதி ஒரு பதிவேடு வைப்போம், ஒரு பிரதியைப் பொலிஸுக்கும் கொடுப்போம் என்று ஒருவர் முன்மொழிந்தார். வேறு ஊரில் இது சாதாரண யோசனை. ஐந்தாம் மாடியில் இருக்கும் எண்பது வயது ஐயா எழும்பினார். "தம்பி, பட்டியல் எழுதுறது ஒரு ஆள், அதைப் பிறகு வாசிக்கிறது வேறை ஆள்" என்றார். 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழர் வீடுகளின் பட்டியலோடு வந்தவர்களைப் பற்றியும், போர்க்காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததைப் பற்றியும், 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கு மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியதைப் பற்றியும் பேசினார். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததையும் அவரே சொன்னார், நேர்மையான மனிதர். இளையவர்கள் சிலர் நெளிந்தார்கள். மட்டக்களப்புப் பெண் மட்டும், "ஐயா சொல்றது சரி, எங்கட ஊரை எழுத என்ன அவசியம்?" என்றார்.

பொலிஸார் குடியிருப்போர் விபரம் கோரும்போது பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவைச் சுட்டுவது வழக்கம். அது வேறு விடயம். கேட்டால் அந்தந்த வீட்டார் பதில் சொல்வார்கள். கேட்காத ஒருவருக்காக நாங்கள் முன்கூட்டியே பட்டியல் தயாரிப்பது இன்னொரு விடயம். இந்த வேறுபாட்டைக் கணக்காய்வு அக்காதான் பிரித்துக் காட்டினார். பிறகு கேட்டார்: தீப்பிடித்தால் எங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? இந்த வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா, யாருக்கு அழைக்க வேண்டும். ஊரும் அடையாள அட்டையும் தீயணைக்க உதவாது.

எடுத்த முடிவுகள்

பதிவேட்டில் மூன்றே விடயம்: ஆட்களின் எண்ணிக்கை, உதவி தேவைப்படுபவர் இருந்தால் அந்தக் குறிப்பு, ஒரு தொலைபேசி இலக்கம். ஒரே பிரதி, காவலர் அறையில் முத்திரையிட்ட உறையில். அவசரத்துக்கு மட்டும் உடைக்கலாம், உடைத்தால் எழுதி வைக்க வேண்டும். கொடுக்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் எண்ணமும் ஏறத்தாழ இதுதான்: தேவைக்கு மேல் சேர்க்காதே, சேர்த்த நோக்கத்துக்கு வெளியே பாவிக்காதே.

கழிப்பறையின் பூட்டை அன்றே கழற்றினோம். செலவு பூச்சியம். திறப்புப் பலகையையும் கழற்றினோம். வெளிநாட்டு உரிமையாளர்கள் தங்கள் உறவினர் ஒருவரிடம் திறப்பைக் கொடுத்து, அவருடைய இலக்கத்தை மட்டும் எங்களுக்குத் தர வேண்டும். இரண்டு பேருக்குக் கொழும்பில் உறவினர் இல்லை. அவர்களுடைய திறப்புகள் உறையிலிட்டு, உறையின் ஒட்டில் இரண்டு சபை அங்கத்தவர்களின் கையொப்பத்தோடு, தலைவரின் வீட்டு அலுமாரியில்.

நடைபாதைக் கமராவைக் கழற்றச் சொன்னதில் தலைவருக்கு மனவருத்தம். ஆனாலும் கழற்றினார். முன் கேற், பின்கதவு, லிஃப்டின் கீழ்வாசல், தரிப்பிடம், மொட்டைமாடிக் கதவு என்று ஐந்து இடங்களில் மட்டும் கமரா, 14 நாள் பதிவு, கைபேசியில் நேரடிக் காட்சி கிடையாது, பார்ப்பதானால் சபையில் இருவர் சேர்ந்து. 16 கமராவுக்கு 640,000 ரூபாய் விலை கேட்டிருந்தார்கள். ஐந்தோடு நிறுத்தி, மிஞ்சிய பணத்தில் ஐந்து நொசில், பின்கதவுக்குத் துருப்பிடிக்காத எஃகில் புதிய கொண்டி, முடுக்கில் இரண்டு லைற். புது நொசில்களைப் பித்தளையில் வாங்கவில்லை. விற்கப் பெறுமதியில்லாத பிளாஸ்ரிக்கில் கிடைத்தது, குழாயின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று தண்ணீர் அடித்துப் பார்த்து வாங்கினோம்.

காவல் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தை மாற்றினோம். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு முறை நின்றால் அந்த நாளுக்குக் காசு இல்லை. ஆள் மாறினால் முதல் நாளே பெயர் அறிவிக்க வேண்டும். மாதம் 15,000 ரூபாய் கூடியது. இதற்குச் சண்டை நடந்தது, இன்னும் நடக்கிறது.

வேலைக்கு வந்த பெண்ணுக்குச் சபையின் கடிதத்தாளில் மன்னிப்புக் கடிதம் எழுதி, நானும் அக்காவும் அவர் இருக்கும் கிருலப்பனைக்குக் கொண்டு போனோம். வாங்கி வைத்துக்கொண்டார். தேத்தண்ணி தந்தார். திரும்பி வருவீர்களா என்று கேட்டதற்கு, "வேணாங்க" என்றார்.

பின்னர் நடந்தவை

யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. முன்பு வேலை செய்த காவலர் ஒருவராக இருக்கலாம் என்று பலர் சொல்வார்கள். பின்கதவால் வந்த வெளியாளாகவும் இருக்கலாம். ஆதாரம் இல்லை, ஒருமுறை படத்தைப் போட்டுப் பட்டது போதும் என்று சபை யாரையும் சுட்டவில்லை. 2023 ஒக்டோபருக்குப் பிறகு, நான் பதவி விட்ட 2025 பெப்ரவரி வரை, கட்டடத்தில் செருப்பைத் தவிர வேறொன்றும் போகவில்லை. பித்தளை மிச்சமில்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அக்கா சொல்வார்.

2024 மார்ச் மாத மாலை ஒன்றில் இரண்டாம் மாடி மின்மானி அறையிலிருந்து புகை வந்தது. காவலர் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு 110க்கு அழைத்தார். தீயணைப்பு வண்டி ஒழுங்கைக்குள் வர இரண்டு கார்களை நகர்த்த வேண்டியிருந்தது. வந்தவர் கேட்ட முதல் கேள்வி: உள்ளே எத்தனை பேர்? உறையை உடைத்தோம். மேலே நடக்க முடியாதவர்கள் மூன்று வீடுகளில் என்று உடனே சொல்ல முடிந்தது. லிஃப்ட் நின்றுவிட்டதால் அவர்களைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் மாடி ஐயாவின் வீட்டுக்கு நேரே மட்டும் வெற்றிடம். அவர் தன் விபரத்தைத் தரவில்லை. மூன்றாம் மாடிப் பெண் படியால் ஓடிப் போய்க் கதவைத் தட்டினார். ஐயாவும் அம்மாவும் விளக்கேற்றி வைத்துக்கொண்டு மின்சாரம் வரும் என்று காத்திருந்தார்களாம். தீ பரவவில்லை, எரிந்தது ஒரு கம்பிக் கட்டுத்தான்.

அடுத்த வாரம் ஐயா என்னைக் கூப்பிட்டார். பதிவேட்டுக்கு விபரம் தரப் போகிறார் என்று நினைத்துப் பேனையோடு போனேன். தரவில்லை. மூன்றாம் மாடிப் பிள்ளையிடம் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருப்பதாகவும், அவளிடம் கேட்டால் போதும் என்றும் சொன்னார். பதிவேட்டில் அவருடைய வீட்டுக்கு நேரே அவளுடைய இலக்கத்தை எழுதினோம்.

மறுபடி செய்வதானால்

முதல் பித்தளைத் திருகி போன அன்றே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருப்பேன். மூன்று மாதக் கணக்கு ஒரே தாளில் இருந்திருந்தால் ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டி வந்திராது. தீயணைப்புப் பெட்டிகளை மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது இப்போது சபையின் வேலை, அது முன்பே இருந்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் ஆளின் படம் போடக் கூடாது என்ற விதி, படம் போன பிறகுதான் வந்தது. பை கவிழ்ந்த அன்று கேற்றடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்கு விதி எதுவும் தேவைப்பட்டிருக்காது.

வாடகைக்காரருக்கு வாக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. ஆனால் மாதக் கூட்டத்தில் ஒரு நாற்காலி கொடுக்கலாம். அதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் நடைபாதைக் கமரா மாட்டப்பட்டிருக்காது. இப்போது மூன்றாம் மாடிப் பெண் அந்த நாற்காலியில் இருக்கிறார். புதிய செயலாளர் அவரிடம் கேட்காமல் கமராவின் கோணத்தை மாற்றுவதில்லை.

காவல் நிறுவனத்தின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. மாதம் 15,000 மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் பழைய முறைக்குத் திரும்பச் சொல்கிறார்கள். கழிப்பறையை மறுபடி பூட்ட வேண்டும் என்றும் இருவர் எழுதியிருக்கிறார்கள்.